நாங்கள் வெட்டிய வாக்கியம்

நேற்றுத் தேநீர் நேரத்தில் உங்களில் ஒருவர் மடிக்கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினார். மறதிநோய் உள்ளவர்களின் பேச்சுப் பதிவை உள்ளே கொடுத்தால், அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியங்களை அதுவே கண்டுபிடித்து நீக்கிவிடுமாம். "மிஸ், நீங்கள் மாசக்கணக்கில இருந்து செய்த வேலைய இது ஒரு நிமிசத்தில செய்யுது" என்றார். நான் சிரித்துவிட்டு ரொட்டியைச் சாப்பிட்டேன். ஓய்வு பெற்றவள் ரொட்டி கிடைக்கிற இடத்தில் வாயைக் கொடுக்கக்கூடாது என்பது என் கொள்கை. ஆனால் பள்ளிமுனையில் என் வீட்டுக்குத் திரும்பிப் போகும் வழியெல்லாம் மனம் ஆறவில்லை. ஆகவே எழுதுகிறேன். கணினியைக் குறை சொல்ல எழுதவில்லை. அது செய்வதைத்தான் நாங்களும் கையால் செய்தோம்.

அப்போது நமது ஆய்வு நிலையம் மன்னார் நகரத்தில் ஒரு வாடகை வீடாக இருந்தது. ஒரு மண்டபம், நான்கு மேசை, ஒரு மின்விசிறி. மறதிநோய் மருத்துவர் ஒருவர், இரசாயனம் படித்த தம்பி ஒருவர், நடுக்காலச் சுவடிகளை ஆராயும் பெரியவர் ஒருவர், மொழியியல் படித்த நான். நான்கு துறைகளும் கைகோத்து ஆராய்வதாகத்தான் எங்கள் திட்ட அறிக்கை சொன்னது. உண்மையில் எங்களை ஒன்றுசேர்த்தது அந்த மின்விசிறி. அது யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறெதிலும் நாங்கள் கலந்து பேசியதில்லை.

சுவடிப் பெரியவரை நாங்கள் ஏட்டுச் சேர், அதாவது ஏடு பார்க்கும் 'சார்', என்று அழைப்போம். ஒரே நூலின் பல பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்து, முதலில் எழுதியவர் என்ன எழுதியிருப்பார் என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை. "பிழை விடாத பிரதி இல்லைப் பிள்ளை. ஆனால் பிழைக்கும் ஒரு பழக்கம் இருக்கு. அந்தப் பழக்கத்தப் பிடிச்சால் மூலத்தப் பிடிக்கலாம்" என்பார். எனக்கு இந்தத் தொழிலில் ஏதாவது தெரியும் என்றால் பாதி அவரிடம் கற்றது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவரைக் குறை சொல்வதாக நீங்கள் நினைக்கக்கூடாது.

என் வேலை மறதிநோயாளிகளின் பேச்சைப் பதிவு செய்து எழுத்தில் இறக்குவது. ஒருவர் சொன்னதையே இடம் பொருள் இல்லாமல் திரும்பச் சொன்னால் அது நோயின் அடையாளம். அதைச் சிவப்பு மையால் குறித்து, எத்தனை தரம் என்று டொக்டருக்குச் சொல்லிவிட்டு, மீதிப் பேச்சை ஆராயும்போது வெட்டிவிடுவோம். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அது பிழையான முறை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

மஜீத் என்பவர் எங்களிடம் வந்தது அந்தக் காலத்தில். முசலிக் கரையோரத்து ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். போர்க்காலத்துப் பெரிய இடப்பெயர்வில் ஊரோடு வெளியேறிப் புத்தளத்தில் பல வருடம் இருந்தவர். அவரை அழைத்துவந்தது மகள் பரீதா. ஊருக்குத் திரும்பி வீடு கட்டுவதற்கான அலுவல்களுக்காக பக்கத்து எருக்கலம்பிட்டியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள். பரீதா கணவனை இழந்தவள். கெட்டிக்காரி. எங்கள் கந்தோர் மண்டபத்துக்குள் வந்த முதல் நாளே மின்விசிறியைத் தகப்பன் பக்கம் திருப்பிவிட்டு, டொக்டரைப் பார்த்து, "குறை நினைக்காதீங்க டொக்டர், நீங்க இளசு, வெக்கை தாங்குவீங்க" என்றாள். டொக்டருக்கு அப்போதே தலை முழுக்க நரை.

சில வாரங்கள் போனதும் அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"மிஸ், எங்கட காணி உறுதிப் பத்திரம் அந்த ஓட்டத்தில போயிட்டுது. இப்ப எங்களுக்கு வாப்பாட வாய்தான் உறுதி. அதுவும் நாளுக்கு நாள் அழியுது. அழிய முன்ன எடுத்துத் தாங்க."

விடயம் இதுதான். மஜீதின் தகப்பனும், அவருடைய தம்பியும், அதாவது மஜீதின் சாச்சாவும், ஊரில் பக்கம் பக்கமாக இரண்டு காணி வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஒவ்வொரு கிணறு. பாலை மரத்தடியில் இருந்த கிணறு நல்ல தண்ணீர், மற்றது உப்பு. ஊர் ஆளில்லாமல் கிடந்த காலத்தில் பற்றையும் புதருமாக மூடி எல்லை தெரியாமல் போய்விட்டது. சாச்சாவின் மகன் ரபீக் முதலில் திரும்பி வந்து நல்ல தண்ணீர்க் கிணற்றைச் சுற்றித் துப்புரவாக்கி இருந்தார். அது தன் தகப்பனுடையது என்றார். பரீதா தன் தகப்பனுடையது என்றாள். வெளியேறும்போது இருவரும் சிறு பிள்ளைகள். இருவரும் பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னார்கள். உண்மையாகத் தெரிந்தவர்களில் உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே ஆள் மஜீத். அவருக்கோ காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இல்லை.

நல்ல தண்ணீர்க் கிணறு இல்லாத காணியில் வீடு கட்டி என்ன செய்வது? அந்தக் கிணறு கிடைத்தால் பரீதா தகப்பனோடும் பிள்ளைகளோடும் ஊருக்குத் திரும்புவாள். கிடைக்காவிட்டால் புத்தளத்து வாடகை வீடுதான்.

டொக்டர் முதலிலேயே கைவிரித்தார். "வேலியால போற ஓணானப் பிடிச்சு மடியில விடாதேங்கோ. காணிப் பிரச்சினை எங்கட வேலையில்லை" என்றார். கேட்டிருக்கலாம். ஆனால் ஏட்டுச் சேருக்குக் கண் மின்னத் தொடங்கிவிட்டது.

"ஒரே கதைய அவர் பல தரம் சொல்லியிருக்கிறார், இல்லையா? ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மாறியிருக்கு. அப்ப அது ஒரு நூலின்ர பல பிரதிகள் தானே? என்னட்டத் தாங்கோ. ஒப்பிட்டுப் பாப்பம்."

பிள்ளைகளே, அந்த மாதங்கள் எவ்வளவு சந்தோசமாக இருந்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான்கு மேசைகளும் முதன்முறையாக ஒன்றுக்கொன்று பேசின. மஜீத் கிணற்றைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு பேச்சையும் நான் எழுத்தில் இறக்கினேன். ஏட்டுச் சேர் அவற்றை நீள மேசையில் பரப்பி, இடம் போதாமல் தரைக்கு இறங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒப்பிட்டார். இரசாயனத் தம்பி இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் போத்தலில் கொண்டுவந்து சோதித்தார். வேலியோரம் நின்ற டொக்டர்கூட ஒருநாள் வந்து, பழைய ஞாபகங்கள்தான் கடைசியில் அழியும், ஆகவே இளமைக் காலத்துப் பேச்சை நம்பலாம் என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார்.

மஜீதின் பேச்சு அழகான பேச்சு. "பாலை மரத்தடியில கிணறு. பளிங்குத் தண்ணி. சுபஹுத் தொழுகைக்கு முந்தி உம்மா குடத்தோட போவா, நான் பின்னால போவன். கயிறு கையில சறுக்கும். சலாம் சொல்லிட்டுத்தான் வாளிய விடுறது. பாலைப்பழம் தண்ணிக்குள்ள விழுந்து கிடக்கும், அத உம்மா எடுத்துத் தருவா." இப்படிப் போகும்.

இதில் "சலாம் சொல்லிட்டுத்தான் வாளிய விடுறது" என்ற வாக்கியம் எல்லாப் பதிவிலும் இருந்தது. கிணற்றுக் கதையில் மட்டுமென்றால் பரவாயில்லை. மீன் விலை கேட்டால் பதிலின் நடுவில் அது வரும். கலியாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது வரும். டொக்டர் ஊசி போட வரும்போதும் வரும். ஆகவே நான் அதைச் சிவப்பு மையால் குறித்தேன். நோயின் அடையாளத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று மாணவர்களுக்குக்கூடக் காட்டினேன்.

ஏட்டுச் சேரும் அதையே வெட்டினார், வேறு காரணத்துக்காக. "பிரதி எடுக்கிறவன் பக்தியில இடைக்கிடை ஒரு துதி, ஒரு வணக்கம் சேர்ப்பான். மூலத்தில அது இருக்காது. எடுத்து விடுங்கோ" என்றார். மொழியியல் அதை நோய் என்றது. சுவடியியல் பக்தி என்றது. இரண்டு துறைகள் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே முடிவுக்கு வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நீங்களும் நினைப்பீர்கள்.

மிஞ்சியது தெளிவாக இருந்தது. மஜீத் தினமும் அள்ளிய தண்ணீர் நல்ல தண்ணீர். பாலை மரத்தடிக் கிணறு நல்ல தண்ணீர் என்று இரசாயனம் சொன்னது. உப்புக் கிணற்றைப் பற்றி அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆகவே பாலை மரத்தடிக் கிணறு அவர்களுடையது. ஏட்டுச் சேர் கையைத் தட்டிக்கொண்டு தரையிலிருந்து எழும்பினார். "பெரும்பாலும் உங்கட பக்கம்தான்" என்று நான் பரீதாவிடம் சொன்னேன். அவள் 'பெரும்பாலும்' என்பதைக் கேட்கவில்லை. அதை அவளுக்கு இன்னொரு தரம் அழுத்திச் சொல்ல எங்களுக்கும் மனம் வரவில்லை. அன்றைக்கே அவள் புத்தளத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள், பிள்ளைகளின் பள்ளிக்கூட மாற்றத்துக்கு எழுதச் சொல்லி. அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம், ஏதோ எங்கள் வீட்டுக் கலியாணம் போல.

விசாரணை காணியிலேயே நடந்தது. காணி உத்தியோகத்தர், கிராம சேவகர், ரபீக், அவருடைய இரண்டு உறவினர்கள் வந்திருந்தார்கள். பரீதா கேட்டதால் டொக்டரும் நானும் போனோம். சோளகக் காற்று மணலை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. உத்தியோகத்தர் நல்ல மனிதர். எல்லோரையும் பாலை மர நிழலுக்கு வரச்சொல்லி, தான் வெயிலில் நின்றார்.

பரீதாவுக்குத் தகப்பனின் ஞாபகத்தில் அவ்வளவு நம்பிக்கை. "வாப்பா வாயால சொல்லத் தேவையில்ல சேர். அவர விடுங்க, அவரே போய்த் தண்ணி அள்ளுவார், பாருங்க" என்றாள். வாளியைத் தகப்பன் கையில் கொடுத்தாள். "வாப்பா, உம்மா தண்ணி அள்ளின கிணறு. ஒரு வாளி அள்ளுங்க."

மஜீத் வாளியை வாங்கினார். கயிற்றைக் கையில் சுற்றினார். அந்தக் கைக்கு ஒரு மறதியும் இல்லை. கிணற்றுக் கட்டுவரை போனார். அங்கே நின்றார். வாளியை விடவில்லை. பக்கத்துப் பற்றைக்குள், வீடு இருந்ததற்கு அடையாளமாக ஒரு அத்திவாரம் மட்டும் கிடந்த பக்கமாகத் திரும்பினார். தொப்பியைச் சரி செய்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சா" என்று உரத்துக் கூப்பிட்டார்.

பிறகு காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மெல்ல எனக்கு விளங்கியது. தன் வீட்டுக் கிணற்றில் அள்ளப் போகிறவன் யாருக்கு சலாம் சொல்வான்? அடுத்த வீட்டுக் கிணற்றில் அள்ளுகிறவன்தான், வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி சலாம் சொல்லி, பதில் வந்த பிறகு வாளியை விடுவான். உப்புக் கிணற்றுக்காரர்கள் ஆயுசு முழுக்க அப்படித்தான் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். மஜீத் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பேச்சிலும் எங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி போன இடத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு உலக்கை போன இடத்தை விட்டுவிட்டோம்.

தகப்பனின் இடத்திலிருந்து ரபீக் தான் தன் அண்ணன் முறைக்காரருக்குப் பதில் சொன்னார். "வஅலைக்குமுஸ்ஸலாம் காக்கா. அள்ளுங்க."

மஜீத் வாளியை விட்டார்.

உத்தியோகத்தர் அவரருகே போய் மெதுவாகக் கேட்டார். "ஐயா, இந்தக் கிணறு ஆர்ட?"

"சாச்சாட. எங்கடது அங்கால. அது உப்பு, வாயில வைக்க ஏலாது" என்றார் மஜீத், இது என்ன கேள்வி என்பது போல.

பரீதா முகம் வெளுத்துப்போய் ஒரு அடி முன்னால் வந்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு அன்றும் முடியவில்லை, இன்றும் முடியாது. அவளுடைய பிள்ளைகள், வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த வாளியோடு கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன.

"சேர், வாப்பாக்குப் புத்தி சரியில்ல. பைத்தியம் மாதிரித்தான். அவர் பேச்ச எடுக்காதீங்க. டொக்டரிட்டக் கேளுங்க."

மஜீத் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தவர், இழுப்பதை நிறுத்தி மகளைப் பார்த்தார்.

உத்தியோகத்தர் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மருத்துவப்படி அவர் சொல்லுறது சரியெண்டும் சொல்லேலாது, பிழையெண்டும் சொல்லேலாது" என்றார். அது உண்மைதான். ஒரு டொக்டர் அந்த இடத்தில் அதைவிட வேறொன்றும் சொல்ல முடியாது. பிறகு உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். "மிஸ், நீங்கள் தானே அவர்ட பேச்சப் படிச்சனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ."

அந்த நேரத்தில் தலைக்குள் என்ன ஓடியது என்று கேட்பீர்கள். பெரிய தர்ம விசாரம் ஒன்றும் ஓடவில்லை. பரீதா எனக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொண்டுவந்து தந்த சோற்றுப் பார்சல் ஓடியது. டொக்டர் சொன்னதையே நானும் சொல்லலாம் என்று ஓடியது. ஒருவரும் என்னைப் பிழை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அந்த மனுசன் கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்திருந்த ஒரே ஆளை, தன் மகளும் கைவிட்டு, படித்த நாங்களும் பைத்தியம் என்று ஒத்துக்கொண்டால் பிறகு அவருக்கு யார் இருக்கிறார்கள்?

"அவர் சொல்லுறது சரி சேர்" என்றேன். "எங்களுக்கும் அவர் அதத்தான் எல்லா நாளும் சொன்னவர். நாங்கள்தான் எடுக்கேல்ல."

கிணறு ரபீக்குக்குப் போனது. ரபீக் அந்த இடத்திலேயே பரீதாவிடம், "பரீதா, தண்ணிக்கு ஒரு நாளும் தடையில்ல. முந்தி எப்பிடியோ அப்பிடித்தான். வந்து வீட்டக் கட்டுங்க" என்றார். உள்ளத்திலிருந்துதான் சொன்னார். உப்புக் கிணற்றுக் காணியில் வீடு கட்டி, ரபீக்கின் கிணற்றில் அள்ளிக் குடித்து, அவர்கள் ஊரோடு ஊராக இருந்திருக்கலாம். பரீதா வரவில்லை. எல்லோர் முன்னாலும் தகப்பனைப் பைத்தியம் என்று சொன்ன இடத்தில் அவளுக்கு நிற்க முடியவில்லை. தகப்பனைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்கே போய்விட்டாள்.

ஏட்டுச் சேரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் "இந்தக் கையால எத்தனை நூலில எத்தனை வரிய வெட்டியிருப்பன்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் பதிப்பித்த எல்லாவற்றிலும் நீக்கிய வரிகளைப் பின்னால் தனியே அச்சிட்டார். அச்சகத்தார் திட்டினார்கள். அவர் கேட்கவில்லை.

பணி அனுபவம் என்று எழுதினால் பாடம் ஒன்று சொல்ல வேண்டுமாம். வெட்டுங்கள், வெட்டாமல் ஆய்வு இல்லை. வெட்டியதை ஒரு தரம், அந்த ஊர் ஆள் ஒருவருக்கு முன்னால் வைத்து வாசித்துப் பாருங்கள். பரீதாவின் காதில் தினமும் விழுந்து பழகிப்போன வாக்கியம்தான்; அதைத் தனியே எடுத்து வைத்துக் கேட்டிருந்தால் என்ன அர்த்தம் என்று அவளே சொல்லியிருப்பாள். அவளிடம் நாங்கள் முடிவைக் கொடுத்தோம், வாக்கியத்தைக் காட்டவில்லை. ஆனால் எனக்கு மனம் ஆறாதது அதுவும் இல்லை. ஆய்வில் பிழை வரும், போகும். நாங்கள் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கையைக் கொடுக்காமல் விட்டிருந்தால், அந்த வார்த்தை அவள் வாயில் வந்திருக்காது. கிணற்றை இழந்ததை அவள் தாங்கியிருப்பாள். நான் அன்று உண்மையைச் சொன்னேன், இன்னொரு தரம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இருந்தும் கவலையாக இருக்கிறது. மிகவும் கவலையாக இருக்கிறது.

சில மாதம் கழித்து டொக்டர் மஜீதைப் பார்க்கப் புத்தளம் போனபோது நானும் போனேன். பரீதா கதவைச் சாத்துவாள் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீ ஊற்றித் தந்தாள். மெலிந்து போயிருந்தாள். மஜீத் முற்றத்தில் இருந்தார். எங்களைத் தெரியவில்லை. ஊரின் பெயர் தெரியவில்லை. கிணற்றைப் பற்றிக் கேட்டால் சிரித்தார்.

"எல்லாம் போயிட்டுது மிஸ்" என்றாள் பரீதா. "என்னையும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையெண்டு நினைக்கிறார். ஒண்டு மட்டும் கேப்பார். நெடுகக் கேப்பார்."

அவள் சொல்லி முடிக்கவில்லை. மஜீத் அவள் பக்கம் திரும்பி, அந்நியப் பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார்.

"தங்கச்சி, நான் சொன்னது பொய்யா?"

பரீதா கையிலிருந்த கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு அவர் காலடியில் போய் இருந்தாள்.

"இல்ல வாப்பா. நீங்க சொன்னது மெய். முழுக்க மெய்."

அவர் முகம் தெளிந்தது. அவள் தலையில் கையை வைத்தார்.

"நீ நல்ல பிள்ள" என்றார். "என்ர மகள்தான் என்னை நம்பயில்ல."